கேட்டா சொல்லிடுவேன்

எங்கள் வீட்டு மாடியில் மூன்று அறைகள் இருக்கின்றன. செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டி ஒரு சந்துக்குள் வீடு. ஐப்பசி மழை விட்டதும் வெளிநாட்டுக்காரர்கள் வர ஆரம்பித்தால், பங்குனி வெயில் ஏறும் வரை அறை காலியாக இருக்காது. இரண்டு அறைகளை நான் வாடகைக்கு விடுவேன். மூன்றாவதை, மலை முழுசாகத் தெரிகிற அறையை, என் வீட்டுக்காரர் வருஷா வருஷம் ஒரு புத்த பிக்குவுக்குச் சும்மா கொடுத்துவந்தார். சீசனில் நல்ல அறையைச் சும்மா கொடுக்கிற ஆளை இந்த ரோட்டில் வேறெங்கும் பார்க்க முடியாது. அதை நான் சொல்லிக் காட்டாத வருஷம் கிடையாது.

பிக்கு ஒன்றும் வெளிநாட்டுக்காரர் இல்லை. ஆம்பூர்ப் பக்கம். தோல் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர், ஒரு நாள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு பர்மாவுக்குப் போய் மொட்டை அடித்துக்கொண்டு வந்துவிட்டார். மழைக்காலத்தில் எங்கேயோ வடக்கே இருப்பார், மழை முடிந்ததும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். பணத்தைக் கையால் தொடமாட்டார். உச்சிவேளைக்குப் பிறகு சாப்பிடமாட்டார். சாப்பாட்டைத் தானாக எடுத்துக்கொள்ளவும் மாட்டார். யாராவது அவர் கையில் இருக்கிற பாத்திரத்தில் போட வேண்டும். போடுகிற வேலையை என் வீட்டுக்காரர் யாருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டார். சமைப்பது நான், புண்ணியம் அவருக்கு.

என் வீட்டுக்காரர் ஸ்கூட்டர் வாடகைக்கு விட்டவர். பொய் அவருக்குத் தொழிலோடு வந்தது. பெட்ரோல் முள் செத்துப்போன வண்டியைக் கொடுத்துவிட்டு “டேங்க் ஃபுல் சார்” என்பார். வழியில் வண்டி நின்றுபோய் ஆள் போன் செய்தால், தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே “இதோ பக்கத்துல வந்துட்டேன்” என்பார். அப்படிப்பட்டவருக்குத்தான் பொய்யே சொல்லாத மனுஷனைக் கண்டால் அத்தனை ஆசை. தினம் காலையில் பாத்திரத்தில் சோற்றைப் போட்டுவிட்டு, எப்படியாவது அவர் வாயிலிருந்து ஒரு பொய்யைப் பிடுங்கப் பார்ப்பார்.

“சாமி, நேத்து சாம்பார் எப்படி இருந்திச்சி?”

“உப்பு கம்மிங்க.”

“ரசம்?”

“சூடா இருந்திச்சிங்க.”

“கேட்டியாம்மா, சூடா இருந்திச்சாம்!” என்று சமையல்கட்டைப் பார்த்துக் கத்துவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து என் சமையலில் குறை சொன்ன ஒரே ஆள் சும்மா சாப்பிடுகிறவர்தான்.

ஒருமுறை மாடியில் தங்கியிருந்த ஒரு பம்பாய்க்காரப் பெண், இந்த ஸ்கூட்டர் நல்ல வண்டியா என்று பிக்குவிடம் கேட்டுவிட்டாள். “ரெண்டு தரம் தள்ளிகினு வந்தாங்க, பாத்தேன்” என்று சொல்லிவிட்டார். வாடகை போயிற்று. என் வீட்டுக்காரர் கோபப்படுவார் என்று பார்த்தால், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். எதிரே மெக்கானிக் கடை வைத்திருக்கிற பாயிடம் ஓடிப்போய்ச் சொல்லி, அங்கேயும் நின்று சிரித்தார்.

“ஒரே ஒரு பொய் சொன்னா இன்னாதான் ஆவும் சாமி?” என்று ஒரு நாள் கேட்டார். நானும் அப்போது வாசலில் இருந்தேன்.

இன்னொரு பிக்குவிடம் போய் உட்கார்ந்து, இன்ன பொய் சொன்னேன் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்றார் பிக்கு. இந்த ஊரில் சாமியார்களுக்குப் பஞ்சமில்லை, ஆனால் பிக்கு அவர் ஒருவர்தான். சொல்வதானால் மெட்ராசுக்கோ பெங்களூருக்கோ போக வேண்டும்.

“ஒரு பொய்யிக்கு பஸ் ஏறணுமா!” என்று என் வீட்டுக்காரர் மூக்கில் விரல் வைத்தார். “அப்போ தெரியாம சொல்லிட்டா?”

தெரியாமல் சொன்னால் அது பொய்யே இல்லை என்றார் பிக்கு. சொல்லப்போவது பொய் என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். சொல்லும்போதும் தெரிய வேண்டும். சொல்லி முடித்த பிறகும், பொய்தான் சொன்னோம் என்று தெரிய வேண்டும். அப்போதுதான் அவர்கள் சட்டப்படி அது முழுப் பொய். விளையாட்டுக்குச் சொன்னாலும் சேர்த்திதான்.

“பேசாம இருந்துட்டா?” என்று நான் கேட்டேன்.

“பௌர்ணமி அன்னிக்கு நாங்க ஒண்ணா உக்காந்து சட்டத்தை ஓதுவோம்மா. நடுநடுவுல, எல்லாரும் சுத்தமா இருக்கீங்களான்னு மூணு தரம் கேப்பாங்க. தப்பு பண்ணவன் ஞாபகம் வந்தும் பேசாம குந்தியிருந்தான்னா, அதுவும் தெரிஞ்சி சொன்ன பொய்தான்.”

பௌர்ணமி என்றால் எங்கள் ஊருக்கே தலை கால் புரியாது. லட்சம் பேர் மலையைச் சுற்றுவார்கள், நான் வாசலில் தண்ணீர் தெளித்துப் பாய் விரித்துப் படுக்க இடம் கொடுத்துக்கொண்டிருப்பேன். அந்தக் கூச்சலுக்கு நடுவில் இவர் மட்டும் மாடியில் தனியாக உட்கார்ந்து, தன்னைத் தானே சுத்தமா என்று கேட்டுக்கொண்டிருப்பார் போலிருக்கிறது. குடும்பம் இல்லாதவர் வைத்துக்கொள்ளக்கூடிய சட்டம் என்று நினைத்துக்கொண்டேன். மாமியார், நாத்தனார், வாடகைக்கு வந்தவன், வாடகை தராமல் போனவன், இவர்களையெல்லாம் வைத்துக்கொண்டு ஒரு வாரம் உண்மையே பேசிப் பார்க்கட்டும். இன்றைக்கும் அந்த எண்ணத்தில் எனக்கு மாற்றமில்லை.

அந்த வருஷம் கார்த்திகை தீபம் முடிந்த கையோடு என் வீட்டுக்காரருக்கு வயிற்றுவலி வந்தது. வலி முதுகுக்குப் போனது. சட்டை தொளதொளவென்று ஆனது. கண்ணில் மஞ்சள் தெரிந்தபோது காமாலை என்று நினைத்துக் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தேன். கேட்காமல் போகவே, வேலூரில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். பாய்தான் கூட வந்தார். சோதனையெல்லாம் முடிந்து டாக்டர் கூப்பிடுவதற்கு முன்பே நான் எழுந்துபோய் நடையில் அவரை மடக்கிவிட்டேன். எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்கிறதுதான் அது. நோயாளியை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, வீட்டு மனுஷர் ஒருவர் முன்னால் ஓடிப்போய் டாக்டரைப் பிடித்துக்கொள்வார்.

கணையத்தில் புற்று என்றார் டாக்டர். ஈரலுக்கும் போய்விட்டதாம். அறுக்க முடியாது, வலிக்கு மருந்து தரலாம். கோடையைத் தாண்டுவது கஷ்டம்.

“அவர்கிட்ட சொல்லிடாதீங்க சார்” என்றேன். கையெடுத்துக் கும்பிட்டேன். டாக்டருக்குப் பிடிக்கவில்லை. அவர் உடம்பு, அவருக்குத் தெரிய வேண்டாமா என்றார். நான் கும்பிட்ட கையை இறக்கவில்லை. கடைசியில், அவராகக் கேட்காமல் நானாகச் சொல்லவில்லை என்று தலையை ஆட்டினார். என் வீட்டுக்காரர் உள்ளே போய், “அல்சர்தானே சார்?” என்று அவரே எடுத்துக் கொடுத்தார். வயிற்றில் ஏதோ புண் இருக்கிறது என்று டாக்டர் முனகினார். அதோடு வெளியே வந்துவிட்டோம்.

நான் ஏன் மறைத்தேன் என்று கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன். என் வீட்டுக்காரரின் அண்ணனுக்கும் இதே வியாதி வந்தது. ரத்தம் எடுக்கிற இடத்தில் யாரோ விஷயத்தை அவரிடமே உடைத்துவிட்டார்கள். அன்றைக்குச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்தவர் பிறகு இந்தப் பக்கம் திரும்பவில்லை. வாயில் வைத்த கஞ்சியைத் துப்பினார். பெற்ற பிள்ளைகளைக்கூடப் பார்க்கவில்லை. “சொல்லாம இருந்திருந்தா இன்னும் கொஞ்ச நாள் சிரிச்சிகினு இருந்திருப்பான். படுபாவிங்க, சொல்லியே கொன்னுட்டாங்க” என்று என் வீட்டுக்காரரே எத்தனையோ முறை புலம்பியிருக்கிறார். அவர் வாயால் கேட்டதைத்தான் நான் அவருக்குச் செய்தேன். அவர் சிரித்துக்கொண்டே போக வேண்டும். எனக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது.

இந்தப் பொய்யைத் தனியாளாகக் காப்பாற்ற முடியாது. சுற்றியிருக்கிற எல்லோருக்கும் உண்மையைச் சொல்லி, எல்லோரையும் ஒரே மாதிரி பேச வைக்க வேண்டும். பெங்களூரில் இருக்கிற மகளிடம் சொன்னேன். அழுது முடித்துவிட்டு, “அப்பா தாங்கமாட்டாரும்மா, சொல்லிடாத” என்றாள். மருந்துக்கடைக்காரரிடம் சொன்னேன், பால் ஊற்றுகிறவளிடம் சொன்னேன். யாருக்கும் விளக்கவே வேண்டியிருக்கவில்லை, பாதியிலேயே தலையை ஆட்டினார்கள். பாய் எல்லோரையும் மிஞ்சிவிட்டார். “எங்க மச்சானுக்கு இதே அல்சர்தான் அண்ணே. ஆறு மாசம் தயிர் சோறு. இப்போ பாரு, பிரியாணிய வெளுத்துக் கட்றான்” என்று கண்ணை இமைக்காமல் சொன்னார். அவருக்கு மச்சானே கிடையாது.

அதே வேகத்தில் மாடிக்கும் ஏறிவிட்டேன். என் வீட்டுக்காரர் பாயோடு முடிவெட்டிக்கொள்ளப் போயிருந்தார். பிக்கு துணி துவைத்துக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். எல்லோரிடமும் சொன்னதை அவரிடமும் மூச்சுவிடாமல் சொன்னேன்: கணையம், ஈரல், கோடை, அல்சர். சொல்லி முடிக்கும்போதுதான் யாரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கு உறைத்தது.

அவர் ஈரத்துணியைப் பிடித்தபடி நின்றார். கண் கலங்கியிருந்தது.

“என்னாண்ட சொல்லாம இருந்திருந்தா, எனக்குத் தெரியாதுன்னு சொல்லியிருப்பேன்மா. அது நெசமா இருந்திருக்கும்.”

“இப்போ இன்னா பண்றது சாமி?”

“நானா போய் சொல்லமாட்டேன். கேட்டா சொல்லிடுவேன்.”

“அவர் தெனம் உங்களாண்ட நூறு கேள்வி கேக்கறவராச்சே!”

“அதாம்மா பயமா இருக்குது.”

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஒரு உயிர் போகப்போகிறது, இந்த மனுஷன் சட்டம் பேசுகிறார். “ஒரே ஒரு பொய். அல்சர்னு ஒரு வார்த்தை. சொல்லிட்டுப் போய் உங்க ஆளுங்களாண்ட ஒப்பிச்சிடுங்க. மெட்ராசுக்கு நானே கூட்டிகினு போறேன்” என்றேன்.

“அப்புறம் ஒப்பிச்சிக்கலாம்னு நெனச்சிகினே சொல்றதுதான்மா தெரிஞ்சி சொல்றது.”

“பேசாம இருங்க. கேட்டா வாயத் தொறக்காதீங்க.”

“இத்தினி வருஷமா என்னைப் பாத்துகினு இருக்காரு. நான் வாயத் தொறக்கலன்னாலே அவருக்குப் புரிஞ்சிடும்.”

அது உண்மைதான். எனக்கு வேறு வழி தெரியவில்லை. “அப்போ நீங்க இங்க இருக்காதீங்க” என்று சொல்லிவிட்டேன். வருஷா வருஷம் வந்து தங்குகிறவரை, சோறாக்கிப் போட்ட நானே போ என்றேன். அவர் கொடியில் போட்ட ஈரத்துணியை எடுத்து மடித்தார். பாத்திரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டார். மலைக்கு அந்தப் பக்கம் அடி அண்ணாமலையில் தெரிந்த விவசாயி ஒருவர் இருக்கிறார், கிணற்றடி மோட்டார் கொட்டாயில் தங்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார், அங்கே போகிறேன் என்றார். படியிறங்கும்போது, “அவராண்ட சொல்லிட்டுப் போவ முடியலன்னு வருத்தமா இருக்குதும்மா” என்றார்.

முடிவெட்டிக்கொண்டு வந்த என் வீட்டுக்காரர் மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு இறங்கினார். “சாமி எங்க?”

“இங்க சத்தம் ஜாஸ்தியாம். அடி அண்ணாமலை பக்கம் போயிட்டாரு.”

“சத்தமா?” என்றார். பிறகு ஒன்றும் கேட்கவில்லை. தீபத்துக்கு நாலு பக்கமும் ஸ்பீக்கர் கட்டியிருந்தபோது வராத சத்தம் மார்கழியில் எங்கிருந்து வந்தது என்று கேட்டிருக்கலாம். அவர் கேட்கவில்லை என்பதில் எனக்கு அப்போது அப்பாடா என்றிருந்தது.

அதற்குப் பிறகு எல்லாம் நல்லபடியாகத்தான் நடந்தது. மகள் வந்து போனாள், சிரித்துப் பேசினாள், பின்கட்டில் போய் அழுதாள். பாய் தினம் வந்து இல்லாத மச்சானின் கதையைச் சொன்னார். பொங்கல் கழித்து ஒரு காலையில் என் வீட்டுக்காரர், நடந்து கிரிவலம் போக முடியாது, ஆட்டோவிலாவது ஒரு சுற்று சுற்றிவிட்டு வருகிறேன் என்றார். பாயும் கூடப் போனார். நான் இட்லி வைத்துக்கொண்டு காத்திருந்தேன். திரும்பி வந்தவர் முகம் வெளுத்திருந்தது. ஆட்டோ தூக்கிப் போட்டது என்றார். இட்லியைப் பாலில் நனைத்துக் கொஞ்சம் சாப்பிட்டார். “பரவால்லம்மா, அல்சர் ஆறிகினு வருது போல” என்றார்.

அந்த வார்த்தையை அவர் வாயால் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சமையல்கட்டுக்குப் போய்விட்டேன். நம்புகிறார், நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அன்றிலிருந்து அவர் அத்தனை நல்ல நோயாளியாக ஆகிவிட்டார். கொடுத்த மாத்திரையை முணுமுணுக்காமல் விழுங்கினார். எப்படியிருக்கிறது என்று யார் கேட்டாலும் பரவாயில்லை என்றார். ஸ்கூட்டர்களை ஒவ்வொன்றாக விற்றார். உடம்பு தேறியதும் எல்லாம் எலக்ட்ரிக் வண்டியாக வாங்கப் போகிறேன் என்றார். போர் மோட்டார் வால்வை எந்தப் பக்கம் திருகினால் மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏறும் என்று எனக்குக் காட்டினார். இத்தனை வருஷமாக என்னை அந்தப் பக்கமே விடாதவர், என் கையைப் பிடித்து வால்வில் வைத்து, “எனக்குக் குனிய முடியல. அல்சர் சரியாவற வரைக்கும் நீ பாத்துக்க” என்றார். நானும் திருப்பிப் பார்த்தேன். முதல் தடவை தப்பான பக்கம் திருப்பித் தண்ணீர் பீய்ச்சி அடித்து இரண்டு பேரும் நனைந்தோம். அவர் சிரித்தார். அதைப் பார்த்து, இந்தச் சிரிப்புக்காகத்தானே இத்தனை பொய்யும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மாசி முடிவதற்குள் கட்டிலோடு ஆகிவிட்டார். வலி வந்தால் பல்லைக் கடிப்பார், சத்தம் போடமாட்டார். ஒரு மத்தியானம் நான் ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன். “சரியானதும் ரெண்டு பேரும் காசிக்குப் போலாம்” என்றார்.

“போலாங்க” என்றேன்.

“ரயில்ல போலாம். எனக்கு ஜன்னல் ஓரம்.”

“சரிங்க.”

முகத்தைத் திருப்பிக்கொண்டார். நானும் துணியைப் பிழிகிற சாக்கில் திரும்பிக்கொண்டேன். பங்குனி பிறந்த அந்த வாரத்தில் போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்து மகள் பெங்களூருக்குப் போன பிறகு வீடு விழுங்கிவிடுவதுபோல் இருந்தது. வெயில் வந்துவிட்டதால் மாடியிலும் யாரும் இல்லை. ஒரு காலையில் என்ன தோன்றியதோ, சாம்பார் வைத்து, சோறு வடித்து, தூக்கில் போட்டுக்கொண்டு அடி அண்ணாமலைக்குப் போனேன். என் வீட்டுக்காரர் தினம் தன் கையால் போட்ட சோற்றை, அவர் பேரில் ஒரு தடவை என் கையால் போடலாம், திரும்ப வந்து மாடியில் தங்குங்கள் என்று கூப்பிடலாம் என்றுதான் போனேன். இனிமேல் மறைப்பதற்கு என்ன இருக்கிறது.

வேர்க்கடலைக் கொல்லை ஓரத்தில் மோட்டார் கொட்டாய். பிக்கு வெளியே வேப்பமர நிழலில் உட்கார்ந்திருந்தார். பாய் வந்து தகவல் சொன்னாராம். பாத்திரத்தை நீட்டினார், நான் போட்டேன். சாப்பிட ஆரம்பித்தார்.

“உப்பு சரியா இருக்குதா சாமி?”

“ஜாஸ்திங்க.”

எனக்குச் சிரிப்பு வந்தது. என் வீட்டுக்காரர் போன பிறகு முதல் தடவையாகச் சிரித்தேன். மனசு கொஞ்சம் லேசாகி, பிக்குவிடம் ஆறுதலாக நாலு வார்த்தை பேசலாம் என்று தோன்றியது. “ஒண்ணே ஒண்ணு நிம்மதி சாமி. கடைசி வரைக்கும் அவருக்குத் தெரியவே தெரியாது. அல்சர்னு நெனச்சிகினேதான் போனாரு” என்றேன்.

அவர் சாப்பிடுவதை நிறுத்தினார். பாத்திரத்தை மடியிலிருந்து கீழே வைத்தார். ஒன்றும் பேசவில்லை. ஆமாம் என்று ஒரு தலையசைப்புக்கூட இல்லை.

பேசாமல் இருப்பதைப் பற்றி அவர் அன்றைக்கு வாசலில் சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. கேட்காமல் எழுந்து வந்திருக்கலாம். தூக்கை எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு வந்து ஆட்டோ ஏறியிருந்தால் இன்றைக்கு நான் வேறு ஆளாக இருந்திருப்பேன்.

“அவருக்குத் தெரியுமா?”

“தெரியும்மா.”

“யார் சொன்னது?”

“நான்தான். கேட்டாரு.”

அந்த ஆட்டோ கிரிவலம். அடி அண்ணாமலை வந்ததும் வண்டியை நிறுத்தச் சொல்லி, பாயை டீக்கடையில் விட்டுவிட்டு, வரப்பில் தட்டுத் தடுமாறித் தனியாக நடந்து வந்தாராம். ஊரில் எல்லோரும் ஒரே வார்த்தையைச் சொல்கிறார்கள், பொய் சொல்லத் தெரியாத ஒருவர் மட்டும் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார், இதிலேயே பாதி தெரிந்துவிட்டது என்றாராம். பிறகு, “அல்சரா சாமி?” என்று கேட்டாராம். “இல்லீங்க” என்றாராம் இவர். வியாதியைப் பற்றி அவ்வளவுதான் பேச்சு.

“அவளுக்கு இது தெரிய வேணாம்னு சொன்னாரும்மா. பாவம், நடிச்சி நடிச்சி ஓஞ்சிப்போய் கெடக்கறா, எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அத்தனையும் வீணாப்பூடும், தாங்கமாட்டான்னாரு. கேட்டா சொல்லிடுவேனேன்னு சொன்னேன். சிரிச்சாரு. அவ உங்களை வந்து கேக்கவே மாட்டா, தொரத்திவுட்டதே அவதானேன்னாரு.”

நான் கொட்டாய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். வால்வில் என் கையை வைத்தது, வண்டிகளை விற்றது, காசி, ஜன்னல் ஓரம். எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தது. அவர் நடித்திருக்கிறார். நான் நடித்தேன், எனக்கு எதிரே உட்கார்ந்து அவரும் நடித்தார். ஒரே வீட்டில், ஒரே கட்டிலுக்கு இரண்டு பக்கத்தில்.

“பயந்தாரா சாமி?”

இல்லை என்று சொல்லிவிடுங்கள் என்று மனசுக்குள் கெஞ்சினேன். எந்த மனுஷனும் அந்த இடத்தில் இல்லை என்றுதான் சொல்வான். பாயாக இருந்தால், சிங்கம் மாதிரி இருந்தார் அண்ணி என்றிருப்பார்.

“பயந்தாரும்மா. ரொம்ப பயந்தாரு.”

“கொஞ்ச நேரம்தானே? அப்புறம் தேறிட்டாரில்ல?”

“அது எனக்குத் தெரியல. நான் பாத்த வரைக்கும் பயந்துகினுதான் இருந்தாரு.”

“அழுதாரா?”

“அழுதாரு. இங்கதான் குந்தி அழுதாரு.” அவர் காட்டிய இடத்தில்தான் நான் தூக்கை வைத்திருந்தேன். “ஊட்டுல அழறதுக்கு எடம் இல்லன்னாரு.”

நான் அவரைத் திட்டினேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை, கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். மீதிச் சோற்றைச் சாப்பிடவில்லை. மாடிக்கு வாருங்கள் என்று நான் கூப்பிடவில்லை, அவர் அதற்குப் பிறகு எங்கள் பக்கம் வரவுமில்லை.

அவர் சட்டத்தை நான் எத்தனையோ விதமாக நினைத்துப் பார்த்துவிட்டேன். அவர் பொய் சொல்லியிருந்தால் என் வீட்டுக்காரர் பயப்படாமல் போயிருப்பாரா? நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அண்ணனைப்போல் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாரா, இல்லை என் மடியில் படுத்து அழுதிருப்பாரா? தெரியாது. தெரிந்துகொள்ள இனி வழியும் கிடையாது. பிக்குவின் மேல் கோபம் மட்டும் போகவில்லை. அதில் நியாயம் இல்லை என்று தெரிந்தும் போகவில்லை.

அன்று வீட்டுக்கு வந்து மோட்டாரைப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். வெயில் தாழ்ந்த நேரத்தில் மகள் போன் செய்தாள். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று வழக்கமாகக் கேட்பதெல்லாம் கேட்டாள். பிறகு, “அம்மா, அப்பாவுக்குக் கடைசி வரைக்கும் தெரியாதுல்ல?” என்றாள்.

“தெரியாதும்மா” என்றேன். “அல்சர்னுதான் நெனச்சிகினு இருந்தாரு. சிரிச்சிகினேதான் இருந்தாரு.”

“அது போதும்மா” என்று அழுதாள்.

சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரியும். சொல்லும்போதும் தெரியும். சொல்லி முடித்து போனை வைத்த பிறகும் தெரியும். பிக்குவுக்காவது பஸ் ஏறினால் போய்ச் சொல்ல இன்னொரு பிக்கு இருக்கிறார். எனக்கு இருந்த ஒரே ஆள் கட்டிலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். மாடித் தொட்டி நிரம்பித் தண்ணீர் வழிகிற சத்தம் கேட்டது. எழுந்துபோய் மோட்டாரை நிறுத்தினேன்.